நன்செய் நடுவே ஓர் இருப்புப்பாதை – 9: முத்துப்பேட்டைக்கு அப்பால்

சென்ற வாரம், மாயவரத்திலிருந்து புறப்பட்ட ரயிலை முத்துப்பேட்டையில் நிறுத்திவிட்டு விடைபெற்றுக்கொண்டோம். இத்தொடரை இன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுக்கும் வாசகர்களின் பொருட்டு, அந்த ரயில் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருங்கச் சொல்லிவிட்டு மேலே செல்வது முறையாகும்.

1861ஆம் ஆண்டின் இறுதியில், நாகப்பட்டினத்துத் துறைமுகத்தையும் தஞ்சாவூரையும் இணைத்து, கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே கம்பெனியார் ஓர் அகலப் பாதையைத் திறந்துவைத்தார்கள். அது திருவாரூர் வழியாகச் சென்றது. லண்டன் மாநகரத்தில் பூமிக்கடியில் முதல் ரயில் ஓடியது 1863 ஜனவரியில்தான் என்பதை நினைவில் வைத்தால், உலகத்தின் முதல் சுரங்க ரயிலைக் காட்டிலும் திருவாரூர் ரயில் ஓராண்டுக்கு மேல் மூத்தது என்பது விளங்கும். 1875இல் அந்த அகலப் பாதையை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். அதை அடுத்த சில ஆண்டுகளில் கும்பகோணம், மாயவரம் மார்க்கமாகச் சென்னைப் பட்டணத்தை நோக்கிப் பிரதான பாதை அமைந்தது.

ஆயினும் மாயவரத்தையும் திருவாரூரையும் நேராக இணைக்கும் பாதை இல்லை. திருவாரூருக்குத் தெற்கே கடல் வரையில் ரயிலின் சுவடே இல்லை. கம்பெனியார் போடாத அந்தப் பாதையைத் தஞ்சாவூர் ஜில்லா போர்டார் போட்டார்கள். நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்குச் சில தம்பிடி வீதம் மிராசுதாரரிடமும் குடியானவரிடமும் வசூலித்த செஸ் பணம், ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, மாயவரம் முதல் முத்துப்பேட்டை வரையில் 54 மைல் நீளமுள்ள தண்டவாளமாக உருமாறி, 1894 ஏப்ரலில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. திருவாரூர் அன்று ஜங்ஷன் ஆயிற்று.

பாதை போர்டாருக்குச் சொந்தம். வண்டி ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனியாருக்கு. இந்த ஏற்பாட்டை மறவாமலிருக்க வேண்டும். இனி வரும் சிக்கல்களுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்றைய பகுதியின் விஷயம் ஒரே ஒரு கேள்வி. முத்துப்பேட்டைக்கு அப்பால் எங்கே?

✽

முட்டுக்கட்டை

திருவாரூர்க்காரர்களுக்குத் தேரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழித்தேரின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் அந்த மலை எந்த முனையில் எவ்வளவு திரும்ப வேண்டும், எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. இழுப்பதற்கு உற்சாகம் போதும். நிறுத்துவதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரயில் பாதையை நீட்டிக்கும் யோசனையும் இத்தகையதே. பாதை நீள வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் எழுவது அபூர்வம். எந்த ஊரில் முட்டுக்கட்டை போடுவது என்னும் இடத்தில்தான் ஊருக்கு ஊர், தாலுகாவுக்குத் தாலுகா, வரி கொடுத்தவனுக்கும் வரி கொடாதவனுக்கும் நடுவே வழக்கு எழுகிறது. ஒரு விஸ்தரிப்பின் சரித்திரத்தை எழுதப் புகுபவர்கள், அது எங்கே தொடங்கிற்று என்று ஆராய்வதைவிட, எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது என்று ஆராய்ந்தால், அந்த நாட்டு மக்களைப் பற்றி அதிகமாகத் தெரிந்துகொள்ளலாம் என்பது இத்தொடரை எழுதி வருகையில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் எண்ணம்.

✽

படத்தை விரித்துப் பார்ப்போம்

அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவின் படத்தை மேஜைமேல் விரித்து, விரலை முத்துப்பேட்டையில் வைத்துக்கொள்வோம்.

தெற்கே போக முடியாது. கோரையாறும் பாமணியாறும் வந்து கலக்கும் உப்பங்கழி, அதைச் சுற்றிலும் அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல். தோணிகளில் இலங்கைக்கு அரிசி ஏற்றும் சிறு துறைமுகமாக முத்துப்பேட்டை இருந்தபடியால்தான் முதற்கண் பாதை அவ்வளவு தூரம் வந்தது. கடலைக் கண்டதும் அது நின்றதில் வியப்பில்லை.

கிழக்கே திரும்புவதென்றால், சற்று வடக்கே பின்வாங்கி, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியத்தை நோக்கிக் கிளை விட வேண்டும். அங்கே உப்பளங்கள் உண்டு. புண்ணிய க்ஷேத்திரமும் உண்டு. கோடியக்கரையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நீராட வரும் ஜனத்திரள் உண்டு. உப்பு மூட்டையும் யாத்திரிகர்களும் ரயிலுக்கு நிச்சயமான வருமானம்.

வடமேற்கே மன்னார்குடி. ராஜகோபாலசுவாமியின் பெருங்கோயில் விளங்கும் செழிப்பான ஊர். வக்கீல்களும் மிராசுதார்களும் நிறைந்த ஊர். நீடாமங்கலத்தில் ரயிலைப் பிடிக்க வண்டி கட்டிக்கொண்டு போக நேர்ந்த ஊர். அவ்வூராருக்குக் குறை இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்கச் சான்று தேடவேண்டியதில்லை.

மேற்கே அதிராம்பட்டினம், அதையடுத்துப் பட்டுக்கோட்டை, அதற்கும் அப்பால் பேராவூரணி, அறந்தாங்கி. இந்தத் திசையில் விரலை நகர்த்தும்போதுதான் படத்தின் நிறமே மாறிப்போகிறது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். இன்று பட்டுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் தென்னந்தோப்பும் கல்லணைக் கால்வாயும் பச்சை வயலுமாகக் கண்டு, அது என்றென்றும் அப்படியே இருந்தது என்று நினைத்துக்கொள்வது இயல்பு. கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தின் பயனாக, 1930களில் வந்தது. அதற்கு முன்பு பட்டுக்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி காவிரி நீர் எட்டாத மேட்டு நிலம். ஏரியும் குளமும் மழையும்தான் அதற்கு ஆதாரம். பரப்பில் அது ஜில்லாவின் மிகப் பெரிய தாலுகா. வரியிலோ டெல்டாத் தாலுகாக்களோடு ஒப்பிடத்தக்கதன்று. அறந்தாங்கியும் அந்நாளில் அந்தத் தாலுகாவைச் சேர்ந்ததே. புதுக்கோட்டை மாவட்டத்தோடு அது சேர்ந்தது 1974இல்.

ஆகவே, மேற்கே திரும்புவது என்றால், நன்செய்க்காரன் கொடுத்த தம்பிடியை எடுத்துப் புன்செய்க்காரன் வாசலில் தண்டவாளம் போடுவது என்று பொருள்.

✽

யாருடைய பணம்?

கம்பெனி ரயில்களின் கணக்கு வேறு மாதிரியானது. லண்டனில் பங்கு வாங்கியவருக்கு வட்டி தவறாது என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுக்கும். பாதை லாபம் தராத ஆண்டில் அந்தக் குறையை இந்த நாட்டு வரிப்பணம் ஈடு செய்யும். வரி கொடுத்தவனுக்கு அந்தப் பாதையின்மீது எவ்வித பாத்தியதையும் கிடையாது.

ஜில்லா போர்டு ரயிலில் பணமும் பாத்தியதையும் ஒரே இடத்தில் இருந்தன. 1884ஆம் ஆண்டுச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின் கீழ் அமைந்த போர்டில் கலெக்டர்தான் தலைவர் என்பதும், அங்கத்தினர்களில் ஏழைக் குடியானவன் எவனும் இடம்பெற வழியில்லை என்பதும் உண்மையே. எனினும், பெருமண்ணலூரிலோ ஆலத்தம்பாடியிலோ வரி கட்டிய ஒருவர், ஓடுகிற வண்டியைக் கைகாட்டி, இதில் என் காசும் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது வெறும் வார்த்தையாக இராது. இந்தியாவில் ஒரு ஜில்லாவின் ஜனங்கள் தங்கள் செஸ் பணத்தைக் கொண்டு ரயில் போட்டுக்கொண்ட காரியத்தில் தஞ்சாவூர் முன்னோடி. பிற்பாடு கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும், திருநெல்வேலி ஜில்லா போர்டு திருச்செந்தூருக்கும் பாதை போட்டது இந்த மாதிரியைப் பின்பற்றியே. அவை 1915லும் 1923லும் திறக்கப்பட்டன. தஞ்சாவூரார் அவர்களுக்கு இருபதாண்டு முந்தியவர்கள்.

பணத்துக்குப் பாத்தியதை உண்டானதும், அதனோடு கூடவே ஒரு சங்கடமும் உண்டாகிறது. செஸ் என்பது ஜில்லா முழுவதற்கும் பொது. மாயவரம், நன்னிலம், திருத்துறைப்பூண்டித் தாலுகாக்காரர்கள் தங்கள் வாசலில் ரயிலைக் கண்டுவிட்டார்கள். பட்டுக்கோட்டைத் தாலுகாக்காரரும் அதே வரியைக் கட்டினார். அவர் நிலம் குறைந்த வரி தரும் நிலமாக இருக்கலாம். ஆனால் கொடுத்த ரூபாயின்மேல் விழுந்த தம்பிடி எல்லோருக்கும் ஒரே தம்பிடிதானே? மழை பொய்த்த ஆண்டில் அந்தத் தம்பிடியைத் தேடிக் கொடுப்பது டெல்டாக்காரருக்கு இருந்ததைக் காட்டிலும் அவருக்கு அதிகக் கஷ்டமாகவே இருந்திருக்கும்.

இதற்கு மாறான நியாயமும் அற்பமானதன்று. செஸ் பணத்தின் பெரும்பகுதி டெல்டாவில் விளைந்தது, ஜனநெருக்கமும் அங்கேதான். 1901ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி ஜில்லாவில் ஏறக்குறைய 22 லட்சம் பேர் வசித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காவிரியின் கிளைகளை ஒட்டிய கிராமங்களில் அடுக்கடுக்காக இருந்தார்கள். மைலுக்கு மைல் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளியாகக் கிடக்கும் பிரதேசத்துக்கு வண்டி விட்டால், கரிச் செலவுக்காவது கட்டுமா என்று கேட்பவரைச் சுயநலக்காரர் என்று தள்ளிவிட இயலாது. போர்டின் நிதிக்குத் தர்மகர்த்தாவாக இருப்பவர் கேட்டே தீர வேண்டிய கேள்வி அது.

இந்த இரண்டு நியாயங்களையும் நான் பலமுறை எதிரெதிரே நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பஞ்சத்தின் நினைவு இல்லாதிருந்தால், இரண்டாவது நியாயம்தான் வென்றிருக்கும் என்றே தோன்றுகிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தில், தானியம் ஓரிடத்தில் இருக்க, பசித்த வயிறு வேறோரிடத்தில் இருந்தது என்னும் கொடுமையை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டிருந்தது. 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் தன் அறிக்கையில், லாபத்தை மட்டும் கருதாமல், பஞ்சத்திலிருந்து காக்கும் பொருட்டும் ரயில் பாதைகள் போடவேண்டும் என்று வற்புறுத்திற்று. நெல் விளையும் மருதமும் மழையை நம்பும் மேட்டு நிலமும் ஒரே ஜில்லாவின் எல்லைக்குள் அடுத்தடுத்து இருக்கும்போது, இரண்டையும் ஒரு தண்டவாளத்தால் கட்டிவிடுவது எவ்வளவு விவேகமான காரியம் என்பதை அதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

✽

ஆறுகளுக்குக் குறுக்கே

போர்டாரின் பாதை ஏற்கெனவே பட்ட பாட்டை இங்கே சிறிது சொன்னால்தான், மேற்குத் திசையின் கவர்ச்சி ஒரு எஞ்சினீயருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பது புலப்படும்.

டெல்டாவில் தண்ணீர் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையோ வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. ஆகையால் அது எந்த ஆற்றோடும் கூடச் செல்லவில்லை. ஒவ்வோர் ஆற்றையும் குறுக்கே கடந்தது. ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி என்று திருவாரூரிலிருந்து தெற்கே எண்ணிக்கொண்டே போகலாம். நடுநடுவே பெயர் தெரிந்த வாய்க்கால்களும் பெயர் தெரியாத வடிகால்களும் வேறு. கரை ஒன்று எழுப்பினால் மேற்கே பெய்த மழை கிழக்கே வடியாமல் தேங்கி, சம்பாப் பயிர் அழுகிப்போகும். கரையில் கண் விட்டால் செலவு. விடாவிட்டால் வயல் நாசம். எத்தனை கண், எவ்வளவு அகலம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்னும் கணக்குத்தான் இந்தப் பிரதேசத்தில் ரயில் போடுவதன் சாரம்.

கல்லுக்கும் இந்த மண்ணில் பஞ்சம். வண்டல் எத்தனை அடி தோண்டினாலும் வண்டல்தான். ஜல்லிக்கு வேண்டிய கருங்கல்லை எங்கிருந்தேனும் கொண்டுவந்தே ஆகவேண்டும். கரைக்கு மண் எடுப்பதோ பக்கத்து வயலிலிருந்து. அப்படி எடுத்த பள்ளங்கள் இன்னமும் பாதையோரத்தில் அல்லி பூத்துக் கிடப்பதை, திருநெல்லிக்காவலுக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சிறுவயதில் அவற்றைக் குளங்கள் என்றே நான் நம்பியிருந்தேன். ஒரே அகலத்தில், பாதையை விட்டுப் பிரியாமல் அவை கூடவே வருவது எப்படி என்று கேட்டபோது, என் பாட்டனார், அந்த மண்தான் இப்போது நம்மைத் தாங்கிக்கொண்டு போகிறது என்று பதில் சொன்னார்.

வேலை செய்யக் கிடைத்த காலமும் குறுகியது. சம்பா அறுவடை முடிந்து, தரை காய்ந்து, ஆற்றில் மறுபடி தண்ணீர் வருவதற்குள், மாசி முதல் ஆனி வரையில்தான் சங்கிலி பிடித்து அளக்கவும் மண் கொட்டவும் இயலும். இருபோகம் விளையும் நிலத்தை விலை பேசிக் கைப்பற்றுவதும் இலேசன்று. நிலம் கையகப்படுத்தும் புதிய சட்டம், இந்தப் பாதை திறந்த அதே 1894இல்தான் பிறந்தது.

இவற்றோடு ஒப்பிட்டால், முத்துப்பேட்டைக்கு மேற்கே போகப் போக ஆறுகள் குறைகின்றன; நிலத்தின் விலை குறைகிறது; தரை கெட்டிப்படுகிறது. பாதை போடுவது மலிவு. வருமானமும் குறைவுதான். செலவு குறைந்து வரவு குறையும் பாதையா, செலவு மிகுந்து வரவு மிகும் பாதையா என்று எடை போடும் தராசில், பஞ்சத்தின் நினைவும் வரி கொடுத்தவரின் சம உரிமையும் மேற்குத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

✽

ஒரு நிமிஷம், இன்றைய சென்னைக்கு

வாசகர்கள் அனுமதித்தால், ஒரு நூற்றாண்டைத் தாண்டிச் சென்றுவிட்டுத் திரும்புவோம்.

திருவாரூரில் இரவுப் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள், 2023 டிசம்பரின் கடைசியில் கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் திறந்தபின், விடியற்காலையில் அங்கே இறங்குகிறார்கள். மெட்ரோ ரயில் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. நடுவிலுள்ள சுமார் பதினைந்தரைக் கிலோமீட்டருக்குப் பல்லாவரம், தாம்பரம் வழியாக மெட்ரோவை நீட்டிக்கும் திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டிருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதிகாலை இருளில் மற்றொரு பேருந்துக்குக் காத்து நிற்கும் டெல்டாவாசிக்கு, அந்த அறிக்கையின் ஒவ்வொரு பக்கமும் சொந்த விஷயம்.

அதே மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அது மத்திய அரசின் திட்டமா, மாநில அரசின் திட்டமா, எந்தக் கஜானாவிலிருந்து எவ்வளவு என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2024 அக்டோபரில்தான் மத்திய மந்திரிசபையின் அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு முன்பாகவே வேலை நடந்துகொண்டிருந்தது. பாரம் மாநிலத்தின் தலையில் இருந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையில் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தபோது, வடசென்னைத் தொழிலாளர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தது கைக்கு எட்டிற்று.

தஞ்சாவூர் ஜில்லா போர்டின் அறையிலும் இதே கேள்விகள்தாம். எந்தத் திசை, யார் பணம், எந்த ஊரில் நிறுத்துவது? வேற்றுமைகள் இரண்டு. அன்று தொகை லட்சங்களில் இருந்தது என்பது ஒன்று. கொடுப்பவனும் பயன்பெறுபவனும் ஒரே ஜில்லாக்காரன் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேற்றுமை, இப்போது நாம் திரும்பிச் செல்லும் கதையில், வரமாக வந்து சாபமாக முடிந்தது.

✽

மேற்கே திரும்பிய தண்டவாளம்

போர்டார் மேற்குத் திசையைத் தேர்ந்தார்கள்.

மன்னார்குடி 1915 வரையில் காத்திருக்க நேர்ந்தது; நீடாமங்கலத்திலிருந்து கிளை அப்போதுதான் வந்தது. வேதாரணியம் முதல் உலக யுத்தம் முடியும்வரையில் காத்திருந்தது. இந்த வரிசையைக் கவனித்தால், அன்று எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது துலாம்பரமாகத் தெரிகிறது. செல்வாக்குள்ள ஊரும், உப்பு விளையும் கரையும் பின்னே நிற்க, மழையை நம்பிய மேட்டு நிலத்துக்கு முதலில் ரயில் போயிற்று. இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் நான் மனப்பூர்வமாகத் தலை வணங்கும் தீர்மானங்களில் இது ஒன்று.

ஜில்லா போர்டு நினைத்த மாத்திரத்தில் நடந்துவிடும் காரியமன்று அது. சென்னை சர்க்கார் சம்மதிக்க வேண்டும். அதற்கு மேல் இந்திய சர்க்கார் சம்மதிக்க வேண்டும். வண்டி ஓட்டவிருக்கும் கம்பெனியார் நிபந்தனைகளுக்கு ஒப்ப வேண்டும். நாடு முழுவதிலும் ரயில் நிர்வாகத்தைச் சீர்திருத்தும் யோசனை எழுந்திருந்த காலம் அது. தாமஸ் ராபர்ட்ஸன் என்பவர் இந்திய ரயில்களைச் சுற்றிப் பார்த்து 1903இல் அறிக்கை அளித்தார். இரண்டாண்டு கழித்து ரயில்வே போர்டு அமைந்தது.

1902 அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில், முத்துப்பேட்டையிலிருந்து அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டைக்கு வண்டி சென்றது.

எட்டு ஆண்டுகள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற பாதை, கரையை இடப்புறத்தில் வைத்துக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கிற்று. அதிராம்பட்டினத்து உப்புக்கும், இலங்கையோடு வாணிகம் செய்த அவ்வூர் மரைக்காயர்களின் சரக்குக்கும் வழி திறந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து புறப்படும் ஒருவர், திருவாரூரில் வண்டி மாறி நாகப்பட்டினத்தை அடைந்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறலாம் என்றாயிற்று. 1875இல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர்ப் பாதையை மீட்டர் அளவுக்குக் குறுக்கியதை முன்பு பின்னடைவு என்று நாம் எழுதினோம். எங்கும் ஒரே அளவாக இருந்தபடியால், திருவாரூரில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டிய தொல்லை இல்லாது போயிற்று என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1903 முடிகிற வேளையில், ஒட்டங்காடு, பேராவூரணி, ஆயிங்குடி ஊர்களைக் கடந்து, பாதை அறந்தாங்கியை எட்டியது. மாயவரம் முதல் அறந்தாங்கி வரையில் 99 மைல். நூறுக்கு ஒன்று குறைவு. அவ்வளவும் ஒரு ஜில்லாவின் சொத்து.

✽

எல்லைக் கல்

அறந்தாங்கியில் தண்டவாளம் நின்றது.

ஆறு குறுக்கிட்டு நிற்கவில்லை. மலை மறித்து நிற்கவில்லை. கடலும் அங்கே இல்லை. தரை முன்போலவே சமதரையாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. நின்றதற்குக் காரணம், அறந்தாங்கிக்குச் சற்று அப்பால் தஞ்சாவூர் ஜில்லா முடிவடைந்தது என்பதுதான். ஒரு பக்கம் புதுக்கோட்டை மகாராஜாவின் சமஸ்தானம். மற்றொரு பக்கம் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைக் கொண்ட மதுரை ஜில்லாவின் பகுதி. தஞ்சாவூர்க் குடியானவனின் செஸ் பணத்தை எல்லை தாண்டிச் செலவழிக்கப் போர்டுக்கு அதிகாரமும் இல்லை, நியாயமும் இல்லை.

ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை கொடுப்பவர் வீதியைப் பார்த்துக் கொடுக்கிறார். இங்கே முட்டுக்கட்டை கொடுத்தது எல்லைக் கல். வரி கொடுப்பவனும் பயன்பெறுபவனும் ஒருவனே என்னும் உயர்ந்த ஏற்பாடு, பட்டுக்கோட்டைத் தாலுகாவுக்கு ரயிலைக் கொண்டுவந்து கொடுத்தது; அதே ஏற்பாடு, அந்த ரயில் வேறொரு பெரிய ஊரைச் சென்றடைய முடியாமல் நடுவழியில் நிறுத்தியும் வைத்தது. அறந்தாங்கிக்கு வந்த வண்டி, எஞ்சினைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போவதைத் தவிர வேறு கதியில்லை.

அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி இருபது மைலுக்கும் குறைவு. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார்களின் பெரிய வீடுகள் எழுந்துகொண்டிருந்த செட்டிநாடு அங்கே தொடங்குகிறது. நாகப்பட்டினத்துக் கப்பல் துறைக்கும் அந்தச் செல்வத்துக்கும் நடுவே மீதி இருந்தது அந்தச் சிறு துண்டு ஒன்றுதான். பணத்துக்குக் குறைவில்லை, பிரயாணிகளுக்குக் குறைவில்லை, தரையில் தடை எதுவும் இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு வேறொரு பாதை 1929லும் 1930லும் திறந்து காரைக்குடிக்கும் ரயில் வந்துவிட்டது. அப்போதும் இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று நோக்கியபடி, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், தனித்தனியே நின்றன.

அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையே முதல் வண்டி ஓடியது 1952இல். நாற்பத்தொன்பது ஆண்டுகள், இரண்டு உலக யுத்தங்கள், ஒரு தேச விடுதலை.

இருபது மைல் கூட இல்லாத ஒரு துண்டுப் பாதையை அரை நூற்றாண்டு காலம் தடுத்து வைத்தது யார்? எல்லைக்கு அப்பால் பணம் கொடுக்க ஆளில்லையா, அல்லது ஜில்லா போர்டின் பாதை தன் பிரதான பாதைக்குப் போட்டியாக வளர்வதை வண்டி ஓட்டிய கம்பெனியே விரும்பவில்லையா?

(தொடரும்)